அத்தியாயம் 7: ஆண்டுக் கூட்டம் முடிந்த மறுநாள்

சங்கம் ஏற்கெனவே இருக்கிறது. பதிவு எண் வாங்கியாயிற்று, வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று. போன பொங்கலுக்கு ஒரு பெரிய சந்திப்பு நடந்தது. பழைய ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, சேர்ந்து சாப்பிட்டு, படிக்கட்டில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். இப்போது வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேர் இருக்கிறார்கள். காலை வணக்கப் படமும் இரங்கல் செய்தியும் தவிர அதில் வேறொன்றும் வருவதில்லை. இந்த நிலையில் தலைவர் அல்லது செயலாளர் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். உதாரணங்கள் எல்லாம் தமிழ்நாட்டில் ஒரு தாலுகா ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளியை மனத்தில் வைத்தவை.

அடிப்படை விதி ஒன்றுதான்: உறுப்பினரிடம் பணம் கேட்பதற்கு முன்னால் வேலை கேளுங்கள். ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் கொடுத்த கையோடு மறந்துவிடுவார். ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்து பத்துப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர், அவர்களுக்கு இடம் கிடைத்ததா என்று தானாகவே போன் செய்து கேட்பார். சங்கம் நிற்பது அவரைப் போன்றவர்களை நம்பித்தான்.

முதல் மூன்று மாதம்: எதை முதலில் செய்வது

1. பழைய நிர்வாகிகளிடமிருந்து ஆவணங்களை வாங்குங்கள். பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், தீர்மானப் புத்தகம், பாஸ்புக், காசோலைப் புத்தகம், பான் அட்டை, ரசீதுப் புத்தகங்கள், தணிக்கை அறிக்கைகள். ஒரு பட்டியல் போட்டு இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். நட்பைக் காரணம் காட்டி இதைத் தவிர்க்காதீர்கள். பின்னால் நட்பைக் காப்பாற்றப்போவது இந்தக் காகிதம்தான்.

2. வங்கியில் கையொப்பமிடுவோரை மாற்றுங்கள். தீர்மான நகல் இல்லாமல் வங்கி இதைச் செய்யாது. எனவே முதல் செயற்குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள்.

3. தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். இரண்டு பேர் போனால் போதும். பத்துப் பேர் மாலையோடு போனால் அவருக்கு அன்றைய வேலை கெடும். பள்ளி திறந்த பரபரப்பு அடங்கிய ஜூலை நல்ல மாதம். பொதுத்தேர்வு நெருங்கும் பிப்ரவரி, மார்ச் பக்கம் போக வேண்டாம். "என்ன தரட்டும்?" என்று கேட்காதீர்கள். "இந்த வருஷம் உங்களை எது அதிகம் தொல்லைப்படுத்துகிறது?" என்று கேளுங்கள். முதல் சந்திப்பில் எந்த வாக்குறுதியும் வேண்டாம். குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

4. பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். இது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைவது. தமிழ்நாட்டில் 2024-இல் குழுக்களை மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. உங்கள் பள்ளியில் அந்த இடத்தில் இருப்பவர் சங்கத்துக்குத் தெரியாதவராக இருந்தால், அவரை உடனே உள்ளே அழையுங்கள். சங்கம் ஒரு பக்கமும் குழு ஒரு பக்கமும் இழுத்தால் நடுவில் மாட்டிக்கொள்பவர் தலைமையாசிரியர்.

5. ஒரு சிறு வேலையை முடித்துக் காட்டுங்கள். கழிப்பறையின் ஒழுகும் குழாய்கள், தாழ்ப்பாள் இல்லாத கதவுகள், ஓடாத மின்விசிறிகள். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, ஊரிலேயே இருக்கும் முன்னாள் மாணவரான பிளம்பரையும் எலெக்ட்ரீஷியனையும் கூப்பிட்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். மூன்றாவது மாத முடிவில் குழுவில் போடுவதற்கு ஒரு செய்தி உங்களிடம் இருக்கும்.

யார் முன்னாள் மாணவர்? பட்டியலை விரிப்பது

பல சங்கங்கள் பிளஸ் டூ முடித்த ஆண்டை வைத்துத்தான் செட் பிரிக்கின்றன. இதில் இரண்டு கூட்டத்தார் வெளியே போய்விடுகிறார்கள். பிளஸ் டூ முறை தமிழ்நாட்டில் 1978-இல்தான் வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் பதினோராம் வகுப்பு எஸ்எஸ்எல்சியோடு பள்ளியை விட்டவர்கள். மற்றவர்கள் எட்டாவதிலோ பத்தாவதிலோ நின்றுபோனவர்கள். "நான் ஃபெயில் ஆனவன், எனக்கு எதுக்குங்க சங்கம்?" என்று ஒதுங்கி நிற்பார்கள். இவர்களை நீங்களே தேடிப் போய் அழைக்க வேண்டும். சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் வருவார்கள். பள்ளிக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், மெக்கானிக் எல்லாம் தினமும் பள்ளியைப் பார்க்கிறார்கள். மழையில் சுவர் இடிந்தால் முதல் போன் அவர்களிடமிருந்துதான் வரும்.

ஆகவே படிவத்தில் "படித்து முடித்த ஆண்டு" என்று கேட்காமல், "பள்ளியை விட்ட ஆண்டு, கடைசியாகப் படித்த வகுப்பு" என்று கேளுங்கள்.

பெண்களைக் கண்டுபிடிப்பது தனி வேலை, பொறுமையும் வேண்டும். திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாறியிருக்கும், ஊரும் மாறியிருக்கும். முகநூலில் பழைய பெயரைத் தேடிப் பயனில்லை. செய்ய வேண்டியது:

- ஒவ்வொரு செட்டுக்கும் ஆண் பிரதிநிதி ஒருவர், பெண் பிரதிநிதி ஒருவர். இருபாலர் பள்ளியில் இதைத் துணைவிதியிலேயே எழுதிவிடுங்கள்.
- பெண்களை அழைக்கப் பெண் பிரதிநிதியே பேசட்டும். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஒரு ஆண் பேசினால் பல வீடுகளில் போன் வேறு கைக்குப் போய்விடும்.
- தெருப் பெயரையும் தந்தை பெயரையும் வைத்துத் தேடுங்கள். தாய்வீடு பெரும்பாலும் அதே தெருவில் இருக்கும்.
- ஊர்த் திருவிழாவுக்கும் மே விடுமுறைக்கும் அவர்கள் தாய்வீட்டுக்கு வருவார்கள். கூட்டத்தை அந்த நாட்களில் வையுங்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடியுங்கள். குழந்தைகளையும் அழைத்து வரலாம் என்று அழைப்பிதழில் அச்சிடுங்கள்.

எச்சரிக்கை: பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் போனில் படம் எடுத்துக் குழுவில் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதில் பிறந்த தேதியும் சாதியும் முகவரியும் இருக்கின்றன. ஒருபோதும் செய்யாதீர்கள். பெயரும் ஆண்டும் மட்டும் போதும். அதையும் தலைமையாசிரியர் அனுமதியோடு அங்கேயே உட்கார்ந்து எழுதி எடுங்கள். உறுப்பினர்களின் தொலைபேசிப் பட்டியல் செயலாளரிடமும் அந்தந்த செட் பிரதிநிதியிடமும் மட்டும் இருக்கட்டும்.

உறுப்பினருக்கு என்ன வேலை தருவது?

இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான சலுகைகள் இப்போது நிறைய இருக்கின்றன. ஆனால் ஒரு சான்றிதழ் இல்லாமல், ஒரு தேதி தெரியாமல், அவை கைநழுவிப் போகின்றன. அதைத் தடுப்பதற்குச் சங்கத்துக்குப் பெரிய பணம் தேவையில்லை.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் பள்ளியில் ஒரு மேசை போடுங்கள். ஒரு மடிக்கணினி, ஒரு பிரிண்டர், இணைய இணைப்பு, இரண்டு உறுப்பினர்கள். மூன்று வாரம் தினமும் காலையில் மட்டும் நடந்தால் போதும். மேசைக்கு வரும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கையில் மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் இருக்கின்றன; வருமானச் சான்றிதழ் பழையது. குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போகிறவள் அவள்தான். ஆனால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. அது இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று இருந்தால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். மருத்துவத்துக்கு 2020-இலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-இலும் அது வந்தது. கல்லூரியில் சேர்ந்த பின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். அதே மேசைக்கு ஒரு பையன் வந்தால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம். இவ்வளவையும் ஒரே தாளில் அச்சிட்டு, எந்தச் சான்றிதழ் எந்த அலுவலகத்தில் என்று பக்கத்தில் எழுதி, அவள் கையில் கொடுங்கள். தாலுகா அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ வேலை பார்க்கும் ஒரு முன்னாள் மாணவர் அந்தத் தாளை ஒருமுறை சரிபார்த்துத் தரட்டும். சங்கத்தால் அவள் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி செய்ய முடியாது.

எட்டாம் வகுப்புக்கு என்எம்எம்எஸ் என்ற தேசியத் திறனறித் தேர்வு இருக்கிறது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகள் ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. மனத்திறன் பகுதிக்குப் பயிற்சி இருந்தால் சாதாரண மாணவரும் தேறலாம். கணக்குப் பட்டதாரிகள், வங்கித் தேர்வு எழுதிய இளம் உறுப்பினர்கள் சனிக்கிழமைகளில் இதற்குச் சரியான ஆட்கள்.

தொழில் அறிமுக உரைகளுக்குப் பெரிய பதவிக்காரர்களை மட்டும் தேடாதீர்கள். கலெக்டர் ஆனவர் வந்து பேசினால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஐடிஐ முடித்துவிட்டுத் தொழிற்சாலையில் சிஎன்சி இயந்திரம் ஓட்டும் இருபத்தைந்து வயதுப் பையனும், அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் பெண்ணும் வந்தால் கேள்வி கேட்பார்கள். "எவ்வளவு மார்க் இருந்தா சேரலாம்? ஹாஸ்டல் ஃபீஸ் எவ்வளவு? வீட்ல எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

குறிப்பு: ஒருவரிடம் வேலை கேட்கும்போது நாளையும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். "நேரம் கிடைக்கும்போது வாங்கண்ணே" என்றால் வரமாட்டார். "ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை, பத்து முதல் பன்னிரண்டு வரை, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு" என்றால் வருவார். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுவார். இரண்டுமே உங்களுக்கு நல்லது.

பொருள் கொடுக்கும்போது

பல பள்ளிகளின் வராந்தாவில் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் நிற்கும். மேலே நன்கொடையாளர் செட்டின் பெயர் பொறித்த பலகை பளபளக்கும். குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். வடிகட்டியும் சவ்வும் காலக்கெடுவில் மாற்ற வேண்டியவை. வாங்கிக் கொடுத்தவர்கள் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை, பள்ளியிடமும் இல்லை. நம் சங்கங்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு இதுதான். எதை வாங்குவதானாலும் இந்த வரிசையில் போங்கள்:

1. அது ஏற்கெனவே அரசிடமிருந்து வருகிறதா என்று விசாரியுங்கள். மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. அங்கே பத்துக் கணினி வாங்கிக் கொடுப்பதைவிட, வாரத்தில் ஒரு நாள் வந்து இருப்பதைப் பழுது பார்த்துத் தருவது மேல்.
2. தலைமையாசிரியரிடமிருந்து தேவையை எழுத்தில் வாங்குங்கள்.
3. வைக்கும் இடம், மின் இணைப்பு, நிலக்கம்பி, தண்ணீர் வசதி எல்லாவற்றையும் நேரில் பாருங்கள்.
4. மூன்று விலைப்புள்ளி வாங்குங்கள். உறுப்பினர் கடையாக இருந்தாலும் அதே விதி.
5. மூன்று ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். அது கைக்குள் அடங்காவிட்டால் வாங்காதீர்கள்.
6. பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பெற்றுக்கொண்டதற்குக் கடிதம் வாங்குங்கள்.

எச்சரிக்கை: அரசுப் பள்ளி வளாகத்தில் வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர், மேடை என எந்தக் கட்டுமானத்தையும் கல்வித்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தொடங்காதீர்கள். பழைய கட்டடத்தின் மேல் தண்ணீர்த் தொட்டி ஏற்றுவதும் இதில் அடக்கம். பொறியாளர் பார்த்துச் சொல்லாத எடை எதுவும் பிள்ளைகள் தலைக்கு மேல் இருக்கக் கூடாது.

பணம்: சட்டப்படி, வெளிப்படையாக

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் பதிவான சங்கம், நிதியாண்டு முடிந்ததும் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு மூன்று வருஷம் விட்டுப்போனால் பிறகு சரிசெய்வது அலைச்சல். ஆடிட்டருக்கு முதல் நாளே பணியைக் கொடுத்துவிடுங்கள்.

தனிநபர் யுபிஐ எண்ணில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், அவசர உதவி என்றாலும்கூட. ரொக்கம் வாங்கினால் உடனே ரசீது, மறுநாள் வங்கியில் செலுத்துதல். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தருவதற்கு வருமான வரித்துறையில் தனிப் பதிவு தேவை. 80ஜி என்று எல்லாரும் அறிந்தது அதுதான். சங்கப் பதிவு இருப்பதாலேயே அது வந்துவிடாது. அந்தப் பதிவு இல்லாமல் "வரிச்சலுகை உண்டு" என்று அறிவிப்புப் போடுவது ஏமாற்று. பதிவு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்குச் சலுகை கிடைக்காது.

வெளிநாட்டில் இருக்கும் உறுப்பினர்கள் விஷயத்தில் மிகக் கவனம் வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்க அல்லது பிற நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நண்பர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அதை வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய உள்துறையின் பதிவோ அனுமதியோ வேண்டும். "நம்ம கூடப் படிச்சவன்தானே" என்று கணக்கு எண்ணை அனுப்பிவிடாதீர்கள். பெரிய நன்கொடை வரும்போது முதலில் குடியுரிமையைக் கேளுங்கள், பிறகு ஆடிட்டரைக் கேளுங்கள்.

தனிப் பதிவுக்கெல்லாம் தெம்பில்லாத சிறு சங்கத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் இணையதளம் வழியாக, கொடுப்பவர் தன் பள்ளியைத் தேர்ந்தெடுத்தே உதவலாம். பணம் சங்கத்தின் கைக்கு வராததால் சந்தேகத்துக்கும் இடமில்லை.

மாதக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதிக் குழுவில் போடுங்கள். வரவு, செலவு, இருப்பு. வரவு இல்லாத மாதமும் போடுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

இதில் விட்டுக்கொடுத்தலே கூடாது. உறுப்பினர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் இவை பொருந்தும்.

- வகுப்பெடுக்கும்போது ஓர் ஆசிரியர் உடன் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் தனியே சந்திக்கக் கூடாது, வீட்டுக்கோ காரிலோ அழைத்துப் போகக் கூடாது.
- மாணவர்களோடு தனிப்பட்ட எண்ணில் பேச்சு வேண்டாம். வழிகாட்டல் வகுப்பாசிரியர் வழியாகவே நடக்கட்டும்.
- உதவித்தொகை வாங்கும் பிள்ளையை மேடையேற்றிப் படம் எடுத்துப் போடாதீர்கள். "தந்தையை இழந்த மாணவி" என்று எழுதி முகத்தையும் போடுவது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் அநியாயம்.
- தவறாக ஏதேனும் கண்ணில் பட்டால் சங்கத்துக்குள் பேசித் தீர்க்கக் கூடாது. சிறார் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417. போக்சோ சட்டத்தின்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம்.

மேடை, சாதி, கட்சி

சங்கங்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். ஃப்ளெக்ஸ் பேனரில் யார் படம் பெரிது என்பதில் தொடங்கும். என் யோசனை: பேனரில் பள்ளியின் படம் மட்டும் இருக்கட்டும். உறுப்பினர் பட்டியலில் பெயர், செட், ஊர் தவிர வேறெதுவும் வேண்டாம். தேர்தல் நேரத்தில் எந்த வேட்பாளரும், அவரும் முன்னாள் மாணவரே ஆனாலும், சங்க மேடையில் ஏறக் கூடாது என்று துணைவிதியில் எழுதுங்கள். செயற்குழுவில் ஒரே தெருக்காரர்களோ ஒரே செட்டோ பாதிக்கு மேல் இருந்தால், மற்றவர்கள் வாய் திறக்காமல் விலகிவிடுவார்கள். விலகியவர்கள் காரணம் சொல்லமாட்டார்கள். நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

ஆண்டுக் கூட்டம்

வருஷா வருஷம் ஒரே நாள் என்று முடிவு செய்துவிடுங்கள். தேதி நிலையாக இருந்தால் வெளியூர்க்காரர்கள் முன்கூட்டியே ரயில் டிக்கெட் எடுப்பார்கள். உரைகளை மொத்தம் முக்கால் மணி நேரத்தில் முடியுங்கள். மீதி நேரத்துக்குக் கைப்பந்து, கபடி, பழைய வகுப்பறையில் உட்கார்ந்து பேச்சு. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904-இல் தொடங்கிய கிரிக்கெட் போட்டி, 'வடக்கின் பெரும் சமர்' என்ற பெயரில் இன்றும் பழைய மாணவர்களை மைதானத்துக்கு இழுக்கிறது. பேச்சுக்கு வராதவர்களும் ஆட்டத்துக்கு வருவார்கள்.

வாட்ஸ்அப்புக்கு ஒரு வரி: அறிவிப்புக்கு மட்டும் நிர்வாகிகள் எழுதும் ஒரு குழு, அரட்டைக்கு செட் வாரியாகத் தனிக் குழுக்கள்.

பொறுப்பைக் கைமாற்றுவது

சட்டப்படி ஒரு செயற்குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம் என்றாலும், ஒரே ஆள் இரண்டு முறைக்கு மேல் அதே பதவியில் இருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பத்து வருஷம் நன்றாக நடத்திய செயலாளர் விலகிய ஆறே மாதத்தில் சங்கம் படுத்துவிட்டால், அவர் நடத்தியதில் ஏதோ குறை இருந்திருக்கிறது.

துணைச் செயலாளர், துணைப் பொருளாளர் இரண்டையும் முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கே கொடுங்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். வங்கிக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் கல்வி அலுவலகத்துக்கும் போகும்போது அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிளஸ் டூ விடைபெறும் நாளில் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பெயர் வாங்குங்கள். பதினெட்டு நிறைந்ததும், முதல் ஐந்து வருஷம் சந்தா இல்லாமல் உறுப்பினராகச் சேருங்கள்.

இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் உங்களுக்கு அடுத்து இந்தப் பொறுப்பை ஏற்கக்கூடிய இருவரின் பெயரை எழுதி, இந்த வாரமே அவர்களுக்கு ஆளுக்கொரு வேலை கொடுங்கள்.